ராஜகீழ்ப்பாக்கத்தில் வாங்காமல் விட்ட வீடு

2024 ஜூன் மாதம் என் அக்கா மகளும் மாப்பிள்ளையும் சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் பக்கத்து ராஜகீழ்ப்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 1 லட்சம் ரூபாய் டோக்கன், அதாவது முன்பணம், கொடுத்தார்கள். வங்கியும் கடனுக்குச் சம்மதித்து சேங்ஷன் லெட்டர் கொடுத்துவிட்டது. நாற்பதாவது நாள் இருவரும் பில்டர் அலுவலகத்துக்குப் போய், வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அவளுக்கு அப்போது 31 வயது, அவருக்கு 33. அவள் பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். அவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். எல்.கே.ஜி. போகும் ஒரு பெண் குழந்தை. சேலையூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், அப்போது வாடகை 17,500 ரூபாய்.

"ரெண்டு சம்பளம் வருது, பேங்க்காரனும் கடன் குடுக்கிறான். அப்புறம் என்ன? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு இடத்துல வேர் விடணும்ங்கிற எண்ணமே இல்ல." எங்கள் குடும்பத்துப் பெரியவர்களே இப்படிப் பேசினார்கள். கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் 16 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இந்த வயதுப் பிள்ளைகள் விண்ணப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இவர்கள் கோப்பை முழுக்க வாங்கி, உட்கார்ந்து படித்தேன். பில்டர் கொடுத்த விலைத்தாள், வங்கியின் கடிதம், இருவரின் பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

விலைத்தாளின் பின்பக்கம்

விலைத்தாள் ஒரே ஒரு பக்கம். அதன் பின்பக்கத்தில் மாப்பிள்ளை பென்சிலால் ஒரு கணக்குப் போட்டிருந்தார். இரண்டு இடத்தில் ரப்பரால் அழித்து, மறுபடி அதே தொகையை எழுதியிருந்தார். இந்தக் கதை முழுவதும் அந்தப் பென்சில் கணக்கில்தான் இருக்கிறது.

வீடு 1,020 சதுர அடி. சதுர அடி 6,900 ரூபாய் வீதம் 70,38,000. கார் நிறுத்த 3 லட்சம். ஆக 73,38,000 ரூபாய். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் என்றால் வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம். அதன்படி கடன் 58.7 லட்சம். மீதி 14.68 லட்சம் வாங்குகிறவர் கையிலிருந்து வரவேண்டும்.

பொதுவாக எல்லோரும் இந்த 20 சதவீதத்தோடு கணக்கை நிறுத்திவிடுவார்கள். மாப்பிள்ளை நிறுத்தவில்லை. கட்டி முடியாத வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, 3.67 லட்சம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 7 சதவீதம், 5.14 லட்சம். இந்தச் செலவை வீட்டின் விலையோடு சேர்த்துக் கடன் தரக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதி. இந்த வங்கி ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஈபி இணைப்பு, குடிநீர், கார்பஸ் ஃபண்ட் (பராமரிப்புக்கான வைப்புநிதி) என்று பில்டர் தனியாகக் கேட்டது 2.5 லட்சம். வக்கீல் கருத்து, எம்ஓடி (அடமானப் பத்திரம்) பதிவு, வங்கிக் கட்டணம் எல்லாம் 60,000. உள்ளே போய்க் குடியிருக்க அலமாரி, சமையலறை மேடைக்குக் கீழ் மரவேலை, கிரில், மின்விசிறி என்று குறைந்தது 5 லட்சம்.

கூட்டினால் 31.6 லட்சம். அதுதான் அவர் அழித்து அழித்து எழுதிய தொகை. அவர்கள் கையில் இருந்தது 14.5 லட்சம்.

கடன் தரும் மேசையில் உட்கார்ந்திருந்தபோது நாங்கள் சம்பளத்தைத்தான் கேட்போம். இஎம்ஐ, அதாவது மாதத் தவணை, சம்பளத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்போம். இருவரும் வீட்டுக்கு எடுத்துவரும் சம்பளம் மாதம் 1,13,000. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு இஎம்ஐ சுமார் 50,900 ரூபாய். சம்பளத்தில் 45 சதவீதம். "எலிஜிபிள்" என்று நானும் எழுதியிருப்பேன். அவர்களை நிறுத்தியது, எந்த வங்கிப் படிவத்திலும் கட்டம் இல்லாத அந்த 17 லட்சம் ரூபாய் பள்ளம். கடன் போக நம் கையிலிருந்து போட வேண்டிய மொத்தப் பணத்துக்கு எங்கள் ஊரில் பெயர் கைக்காசு.

மூன்று ஆண்டுகள் ஓடியும் அதே இடம்

2021-லும் இதே தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதம், அவளுடைய கல்விக்கடன் இன்னும் ஓர் ஆண்டு பாக்கி. "கொஞ்சம் சேர்த்துட்டு வாங்கலாம்" என்று தள்ளிப் போட்டார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நானும் அதையே சொன்னேன். அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

அன்று அதே அளவு வீடு சதுர அடி 5,100. கார் நிறுத்துமிடம் சேர்த்து 54.5 லட்சம். வட்டி 6.9 சதவீதத்துக்குக் கிடைத்தது, ஏனென்றால் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் கொரோனா காலத்தில் 4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இஎம்ஐ 33,500. அன்றைய பதிவு முறையும் வேறு. பிரிபடாத மனைப் பாகத்துக்கு (அடுக்குமாடி நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பங்கு) 11 சதவீதமும் கட்டுமான ஒப்பந்தத்துக்கு 2 சதவீதமும் கட்டினால் போதும். 2023 டிசம்பரிலிருந்து மனையும் கட்டடமும் சேர்த்து ஒரே கிரயப் பத்திரம் என்றாகி, முழு மதிப்புக்கும் கட்டணம் வந்தது. அன்று தேவைப்பட்ட கைக்காசு எல்லாம் சேர்த்து 22 லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களிடம் இருந்தது 6 லட்சம்.

மூன்று ஆண்டில் அவர்கள் சேர்த்தது 8.5 லட்சம். மாதம் ஏறக்குறைய 24,000. ஒரு சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் அப்பா அம்மாவுக்குத் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துக்கு மாதம் 12,000 அனுப்பிக்கொண்டு சேர்த்த பணம் இது. அதே மூன்று ஆண்டில் தேவைப்பட்ட கைக்காசு 9 லட்சத்துக்கு மேல் ஏறிவிட்டது. அவர்கள் நடந்த தூரத்தைவிட வீடு கொஞ்சம் அதிகமாகவே தள்ளிப் போயிருந்தது. ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தைத் தொட்டதால் இஎம்ஐயும் மாதம் 17,000 கூடிவிட்டது.

"ஸ்விக்கி, ஊர் சுத்தல், புதுப் போன். இதுலதான் காசு போகுது" என்ற குற்றச்சாட்டையும் சோதித்துப் பார்த்தேன். பன்னிரண்டு மாதக் கணக்கில் ஹோட்டல், சினிமா, கொடைக்கானலுக்கு ஒருமுறை போய்வந்தது எல்லாவற்றையும் கூட்டினால் 74,000 ரூபாய். அவர்கள் ஒரு நாள்கூட வெளியே சாப்பிடாமல் அந்தப் பணத்தை அப்படியே சேர்த்தாலும் 17 லட்சப் பள்ளத்தை மூட 23 ஆண்டுகள் ஆகும், அதுவும் வீட்டு விலை ஒரு ரூபாய்கூட ஏறாமல் அப்படியே நின்றால். பெரியவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

நகையை வை என்றார்கள்

பள்ளத்தை மூட வழி சொல்லாதவர் இல்லை. நகையை அடகு வைக்கச் சொன்னார் ஒருவர். அவளிடம் 18 பவுன் இருந்தது. பவுன் 53,000 ரூபாயைத் தாண்டியிருந்த நேரம். மதிப்பில் 75 சதவீதம் கடன் கிடைத்தால் 7 லட்சம் சொச்சம். மிச்சத்துக்குப் பர்சனல் லோன். இப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும். மூன்று கடனுக்கு மூன்று தவணை ஓடும். முதல் ஆண்டு சமாளிப்பார்கள், இரண்டாம் ஆண்டில் கிரெடிட் கார்டு நிரம்பும்.

அக்கா மகள் நகையைத் தர மறுத்துவிட்டாள். காரணம் 2023-ல் நடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்த புராஜெக்ட் முடிந்து, மூன்று மாதம் பெஞ்சில், அதாவது வேலை ஒதுக்கப்படாமல், உட்கார்ந்திருந்தாள். சம்பளம் வந்தது. ஆனால் தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்து, வேலை ஒதுக்கீட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள், அப்புறம்தான் காபி குடிப்பாள். அவள் குழுவில் இருந்த நான்கு பேர் அந்த மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போகச் சொல்லப்பட்டார்கள். அவளுக்கு வேறு புராஜெக்ட் கிடைத்தது.

"மாமா, அவரு சம்பளம் 51,000. இஎம்ஐயும் 51,000. என் வேலை போச்சுன்னா அவரு சம்பளம் முழுசும் பேங்க்குக்குப் போயிடும். நாங்க என்ன சாப்பிடுறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தவணை மூன்று மாதம் தொடர்ந்து நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி நோட்டீஸ் போகும், 60 நாள் கெடு. அந்த நோட்டீஸ்களில் நானே கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறேன். 20 ஆண்டுக் கடனுக்குப் பின்னால் 20 ஆண்டு வேலை இருக்க வேண்டும். அவள் தொழிலில் இரண்டு ஆண்டுக்கு மேல் யாரும் உறுதி சொல்வதில்லை.

இன்னொன்று, சேங்ஷன் லெட்டரைப் படித்த யாருக்கும் உடனே புரியாதது. வீடு கட்டி முடிய இன்னும் 22 மாதம் இருந்தது. பில்டர் தளம் போடப் போட வங்கி பணம் விடுவிக்கும், விடுவித்த பணத்துக்கு வட்டி மட்டும் கட்டிவர வேண்டும். முழுக்க விடுவித்துவிட்டால் அந்த வட்டி மட்டும் மாதம் 41,500. சேலையூர் வாடகையும் சேர்ந்தால் 59,000. சாவி கைக்கு வரும்வரை வீடு இல்லாமலே வீட்டுக்குச் செலவழிக்க வேண்டும்.

மாடம்பாக்கத்து அரை கிரவுண்டு

என் அத்தான், அதாவது இவள் அப்பா, போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்தவர். 1994-ல் மாடம்பாக்கத்தில் அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி, 48,000 ரூபாய்க்கு வாங்கினார். பாதிப் பணம் பி.எஃப். லோன், மீதி சீட்டு எடுத்தது. மூன்று ஆண்டு வேலி மட்டும் போட்டு வைத்திருந்தார். பிறகு ஒரு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெளியில் கழிப்பறை. அந்த ஒரு அறைக்குத்தான் நான் பொங்கலுக்குப் போவேன். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் பேசுவதே கேட்காது. 2001-ல் சமையலறை, 2006-ல் தளம். மாடிப்படி ஆரம்பித்து ஏழு படியோடு நின்றுவிட்டது, இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. வாழ்நாளில் அவர் வீட்டுக்கடன் வாங்கியதே இல்லை.

"நாங்க எப்படி வாங்கினோம்?" என்று கேட்கும் பெரியவர்கள், தாங்கள் வாங்கியது ஒரு மனை, அதைக் கட்ட எடுத்தது பன்னிரண்டு ஆண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாதை இன்று ஏறக்குறைய மூடிக் கிடக்கிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. அந்தத் தடை தேவையானதுதான். ஏரியையும் வயலையும் கூறுபோட்டு, சாலையும் வடிகாலும் இல்லாமல் விற்றதன் பலனை ஒவ்வொரு மழையிலும் அனுபவிக்கிறோம். ஆனால் அந்த ஒழுங்கற்ற மனைகள்தான் ஒரு மெக்கானிக்குக் கைக்கெட்டும் விலையில் இருந்தன. அதற்கு மாற்றாக முறையான சின்ன மனைகளை யாரும் கொண்டுவரவில்லை. மாடம்பாக்கத்தில் இப்போது அரை கிரவுண்டு வாங்க, இவர்கள் பார்த்த அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுக்கும் பணம் வேண்டும்.

அந்த வீட்டில் இவள் தம்பி, தன் மனைவி குழந்தைகளோடு இருக்கிறான். 600 சதுர அடியில் இரண்டு குடும்பம் இருக்க முடியாது.

பழைய வீடு வாங்கிப் பார்த்தால் என்ன என்று மேற்குத் தாம்பரத்தில் 55 லட்சத்துக்கு ஒன்று பார்த்தார்கள். விற்பவர் 12 லட்சத்தைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கேட்டார். பத்திரத்தில் இல்லாத பணத்துக்கு வங்கிக் கடன் கிடையாது, அதாவது இன்னும் 12 லட்சம் கைக்காசு. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் விலை குறைவுதான். 2015-ல் அடையாறு பொங்கியபோது அங்கே தண்ணீர் நின்றதை இருவரும் மறக்கவில்லை. பெரும்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு மனம் வைத்திருந்தார்கள், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலோடு அதையும் விட்டார்கள்.

யார் வாங்கினார்கள்

அதே ராஜகீழ்ப்பாக்கம் அடுக்குமாடியில், அதே தளத்தில், அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண் வீடு வாங்கியிருக்கிறாள். அவளுக்கும் ஏறக்குறைய அதே சம்பளம், கணவருக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் ஒன்றே. அவள் அப்பா சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய 40 சென்ட் நிலத்தை விற்று 30 லட்சம் கொடுத்தார்.

இந்த இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்தால் நான் சொல்ல வருவது தெரியும். வங்கி இருவரையும் ஒரே தராசில் நிறுத்தது. சம்பளம், வயது, சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்) எல்லாம் ஏறக்குறைய சமம். ஒருத்திக்கு வீடு கிடைத்தது, இன்னொருத்திக்குக் கிடைக்கவில்லை. முடிவு செய்தது அவர்கள் உழைப்பு இல்லை, அப்பாவிடம் விற்க நிலம் இருந்ததா என்பதுதான். உழைத்து வீடு வாங்கலாம் என்று சொல்லித்தான் இந்தப் பெண்ணை எங்கள் குடும்பத்தில் முதல் பொறியாளராகப் படிக்க வைத்தோம். அது பொய்யாகப் போகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

இது இந்தக் குடும்பத்தோடு நிற்கும் கதையாகவும் தெரியவில்லை. நாட்டின் ஏழு பெருநகரங்களில் 2019-ல் விற்ற வீடுகளில் பத்தில் ஏறக்குறைய நான்கு, 40 லட்சத்துக்குள் இருந்தவை. 2024-ல் அது பத்தில் இரண்டுக்கும் கீழே போய்விட்டது. ஒரு மனையில் சின்ன வீடு கட்டினால் கிடைப்பதைவிடப் பெரிய வீட்டில் பில்டருக்கு மிச்சம் அதிகம். நிலம் வாங்கும் விலைக்கு, 600 சதுர அடி வீடு கட்டி விற்க அவர்களுக்கும் கட்டுப்படியாகவில்லை.

அரசின் உதவிகளும் இந்த நடுப்பட்ட பிள்ளைகளைத் தொடாமல் போகின்றன. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு விலை 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து தமிழ்நாட்டில் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு, 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு. தாம்பரத்தில் 10 லட்சத்துக்கு என்ன கிடைக்கும்? முதல் வீடு வாங்குகிறவருக்காவது அந்த வரம்பை 75 லட்சமாக உயர்த்தினால், இவர்கள் பள்ளத்தில் ஏறக்குறைய முக்கால் லட்சம் குறைந்திருக்கும்.

உண்மையில் உதவக்கூடியது வேறு, அதை இந்த ஊர் ஒருமுறை செய்தும் காட்டியிருக்கிறது. 1977-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சாலை, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதி செய்த சிறு மனைகளைத் தவணையில் கொடுத்தார்கள். வீட்டை அவரவர் கைக்கேற்றபடி கட்டிக்கொண்டார்கள். மாடம்பாக்கத்தில் அத்தான் ஒழுங்கில்லாமல் செய்ததை, அங்கே அரசு ஒழுங்கோடு செய்தது. புறநகர் ரயில் பாதையை ஒட்டி இன்றும் அப்படிச் செய்ய இடம் உண்டு, அதற்கு மனம்தான் வேண்டும்.

இப்போது

டோக்கன் பணத்தில் 25,000 பிடித்துக்கொண்டு, மூன்று மாதமும் பதினொரு போன் அழைப்பும் கழித்து பில்டர் 75,000 திருப்பிக் கொடுத்தார். புக்கிங் படிவத்தில் பிடித்தம் பற்றி எட்டாவது பத்தியில் இருந்தது. கையெழுத்துப் போடும் அவசரத்தில் இருவரும் படிக்கவில்லை. பத்திரப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று பில்டர்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் சொல்வதால், நல்லவேளை, அதற்கு மேல் அவர்கள் எதுவும் கொடுத்திருக்கவில்லை.

2025 முழுவதும் ரெப்போ இறங்கியது. டிசம்பரில் 5.25 சதவீதம். வீட்டுக்கடன் ஏழரை சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று அக்கா மகள் போன் செய்தாள். அதே பில்டரின் அடுத்த கட்டத்துக்கான விலைத்தாளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். சதுர அடி 7,800. கணக்குப் போட்டேன். வட்டி ஒரு சதவீதம் குறைந்தும் இஎம்ஐ 53,500. கைக்காசு 35.5 லட்சம். அவர்களிடம் இப்போது 18 லட்சம் இருக்கிறது. பள்ளம் இன்னும் 17.5 லட்சம்.

சேலையூர் வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வாடகையில் ஆயிரம் ரூபாய் ஏற்றியிருக்கிறார். மற்றபடி நல்ல மனிதர். சுவரில் ஆணி அடிக்க மட்டும் விடமாட்டார். அதனால் குழந்தை பள்ளியில் வாங்கிய ஓவியப் பரிசுச் சான்றிதழ் ஃப்ரிட்ஜ் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது சரிந்து விழும், அவள் எடுத்து மறுபடி வைப்பாள்.

போனை வைப்பதற்கு முன் கேட்டாள்: "இன்னும் அஞ்சாறு வருஷம் சேர்த்தா ஆகும்னு வெச்சுக்குவோம். அப்போ அவருக்கு நாப்பது ஆயிடும். அப்பவும் இருபது வருஷத்துக்குக் கடன் குடுப்பாங்களா, மாமா?"

அவர் கம்பெனியில் ஓய்வு வயது 58. "பதினெட்டு வருஷம்னு போட்டுக்கோ, இஎம்ஐ இன்னும் கொஞ்சம் கூடும்" என்றேன். மறுமுனையில் அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.